அக்காவின் கிளினிக் எப்போது இடம் மாறும்?

என் அக்கா மாசாயில் பல் மருத்துவர். ஒரு கடைவீட்டின் முதல் மாடியில், இரண்டு நாற்காலிகளோடு பதினான்கு ஆண்டுகளாகக் கிளினிக் நடத்துகிறார். கீழே ரொட்டி சானாய்க் கடை. கிளினிக்கின் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். "ரொட்டிக் கடைக்கு மேல இருக்கிற பல் டாக்டர்" என்றால் கை நீட்டி வழி காட்டுவார்கள்.

அந்த மாடியின் வாடகை ஒப்பந்தம் 2026 ஜூலை 31-ஆம் தேதி முடிகிறது. கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றி, இன்னும் மூன்று ஆண்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார். போடுவதில்லை என்பதில் அக்கா உறுதியாக இருக்கிறார். இடம் மாற வேண்டும் என்பதில் வீட்டிலும் யாருக்கும் மறுப்பில்லை. எங்கே, எப்போது என்பதில்தான் ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசை இரண்டுபட்டுக் கிடக்கிறது.

ஆளுக்கொரு தேதி வைத்திருந்தார்கள். அம்மா நாட்காட்டியைப் புரட்டியதுமே முகம் சுளித்தார். ஜூலை 31 ஆடி மாதத்துக்கு நடுவில் வருகிறது. ஆடியில் யாராவது குடி போவார்களா? அப்பா, கையில் பணம் இருக்கும்போதே மாறிவிடு என்றார். எந்த மாதம் என்று சொல்லவில்லை. கிளினிக்கில் ஆரம்ப நாளிலிருந்து இருக்கும் உதவியாளர் அக்கா, "தீபாவளிக் கூட்டம் முடியட்டும் டாக்டர்" என்றார். தீபாவளிக்கு முன்பு பல் சுத்தம் செய்துகொள்ள வருகிற கூட்டம் அவருக்குத்தானே தெரியும். அத்தான் பஞ்சாங்கமும் பார்க்கவில்லை, பண்டிகையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ரயிலை.

அத்தானின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் கடை வைத்திருக்கும் பாதிப் பேர் இன்று போடுகிற கணக்கு அதுதான். புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில். 4 கிலோமீட்டர், ஏறக்குறைய 5 நிமிடப் பயணம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் மட்டும் 10,000 பேரைக் கொண்டு செல்லும் திறன். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுகிற இடத்திலேயே முடிந்துவிடும். 2026 இறுதியில் ஓடத் தொடங்க வேண்டும் என்பது இலக்கு.

அந்தப் பக்கத்து வெள்ளி ஒன்றுக்கு இந்தப் பக்கத்தில் 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாறின என்பதை அப்பா இன்னும் பெருமூச்சோடு சொல்வார். இந்த வித்தியாசத்தில்தான் தாமான் பெலாங்கியிலும் தாமான் செஞ்சுரியிலும் பல் கிளினிக்குகள் வரிசையாக விளக்குப் போட்டு நிற்கின்றன. சனிக்கிழமை காலை பாலம் கடந்து வருகிறவர், பல்லைச் சுத்தம் செய்து, காரைக் கழுவி, சீஃபுட் சாப்பிட்டு, பேரங்காடியில் சாமான் வாங்கிக்கொண்டு இரவில் திரும்புகிறார். ரயில் வந்தால் அவருக்குக் காரும் வேண்டாம். நிலையத்திலிருந்து நடந்தே கிளினிக்குக்கு வந்துவிடலாம்.

"ரயில் வந்த பிறகு போனா வாடகை கைக்கு எட்டாது. இப்பவே புக்கிட் சாகார் பக்கம் போயிடணும்" என்பது அத்தானின் கட்சி. அதில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமல்ல. வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவள் நான். பாலத்தில் நெரிசல் எங்கே நிற்கிறது என்று நாள் தவறாமல் சொல்கிறேன். அந்த நெரிசலில் நிற்கிறவர்களுக்கு 5 நிமிட ரயில் என்றால் என்ன என்று எனக்குப் புரியும்.

ஆனால் ரயிலின் தேதியை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்பது வேறு கேள்வி. இந்த ஆர்டிஎஸ் திட்டத்துக்கு 2018 ஜனவரியில் இரு நாடுகளும் உடன்பாடு செய்தபோது சொன்ன தேதி 2024 இறுதி. 2019-இல் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 ஜூலை 30 அன்று பாலத்தின் நடுவிலேயே விழா நடத்தி, மீண்டும் தொடங்கினார்கள். தேதி 2026 இறுதிக்குப் போனது. இதைவிடப் பெரிதாகப் பேசப்பட்ட கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் என்ன ஆயிற்று? 2021 புத்தாண்டு நாளில் ரத்து அறிவிப்பு வந்தது. ஆர்டிஎஸ் விஷயத்தில் அந்தப் பயம் இப்போது இல்லை. 2024 ஜனவரியில் இரு கரைப் பாலமும் நீரிணையின் நடுவில் இணைந்தே விட்டது. இருந்தாலும் அக்கா கேட்டது நியாயமான கேள்வி: "ரயில் ஆறு மாசம் தள்ளிப் போச்சுன்னா அந்த ஆறு மாச வாடகைய யாரு கட்டுவா, போக்குவரத்து அமைச்சா?"

இன்னொரு தேதியையும் அவர் மறக்கவில்லை. 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பாலம் மூடிய நாள். தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி திறந்தது 2021 நவம்பர் 29-இல். எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அந்த இரண்டு ஆண்டுகளில், சிங்கப்பூர்க்காரர்களை நம்பி நடத்திய அக்காவின் கல்லூரித் தோழி ஒருவர், மூன்று நாற்காலிகளில் இரண்டைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். மாசாய் கிளினிக்கில் முதல் சில வாரங்கள் அவசர வலிக்கு மட்டும் பார்த்தார்கள். அதன் பிறகு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லை கடக்க வேண்டாத ஆட்கள்.

அவர்கள் யார் என்பதில்தான் இந்த இடமாற்றத்தின் முழுச் சிக்கலும் இருக்கிறது.

மாசாய், பிளெந்தோங், உலு திராம் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் தோட்டங்கள். ரப்பர், பிறகு செம்பனை, பிறகு அளவுக்கல், பிறகு தாமான். தோட்டம் விற்றபோது வெளியே வந்த நம் குடும்பங்கள் பலவும் இந்தத் தாமான்களின் மலிவு வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. அக்காவின் பழைய நோயாளிகளில் பெரும்பாலோர் அந்தத் தலைமுறை. குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் வேலையை 1957-இலேயே தொடங்கிய மாநிலம் நம் ஜொகூர். 1972-இல் அது நாடு தழுவிய கொள்கையானது. ஆனால் அது குழாய் நீருக்கு. கிணற்று நீரும் ஆற்று நீரும் குடித்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? பல் வலித்தால் தோட்டத்து டிரஸர் மாத்திரை கொடுப்பார்; வலி தாங்காவிட்டால் பட்டணத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். அடைக்கலாம், வேருக்குச் சிகிச்சை செய்யலாம் என்றெல்லாம் யார் சொன்னது? ஐம்பது வயதில் கீழ்வரிசையில் நாலு பல் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.

அந்த வாய்களுக்குத்தான் அக்கா பல் செட்டு செய்கிறார். பல் செட்டு ஒரு நாள் வேலையல்ல. அளவெடுக்க, கடி பார்க்க, மெழுகில் வைத்துப் பார்க்க, மாட்ட, பிறகு ஈறு புண்ணாகிறது என்று இரண்டு முறை தேய்க்க என்று நாலைந்து தடவையாவது வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் இருபத்திரண்டு படி ஏற வேண்டும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் படிகள் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஏறியவர்களுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. சர்க்கரையில் கால் மரத்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர்கள். உதவியாளர் அக்காவிடம் ஒரு மாதம் குறித்து வைக்கச் சொன்னார் என் அக்கா: யார் கீழே நின்று தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள், யார் ரொட்டிக் கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று. மாத முடிவில் அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை. அத்தானிடம் மட்டும் சொன்னார்: "உங்க ரயில் அஞ்சு நிமிஷத்துல வந்துடும். இவங்க மாடி ஏறவே பத்து நிமிஷம் ஆகுது."

எங்கே என்ற கேள்வி அன்றோடு முடிந்தது. மாசாயை விட்டுப் போவதில்லை. மாடியை விட்டுத்தான் போவது. அத்தானுக்கு வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவர் சொல்கிற பணம் பொய்யில்லையே. அக்காவுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். புக்கிட் சாகார் பக்கத்தில் ஒரு பல்லுக்கு உறை போட்டால் வருகிற தொகைக்கு மாசாயில் எத்தனை பல் அடைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மிச்சமிருந்தது எப்போது என்பது. அதற்கு அக்கா எடுத்து வைத்தது பஞ்சாங்கமல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஒரு பக்கத்துக்கு "பாதியில் நிற்பவர்கள்" என்று தலைப்பு.

பல் மருத்துவம் தெரியாத நமக்கு இது சட்டென்று தோன்றாது. துணிக்கடை மாறினால் பழைய இடத்தில் விற்ற சட்டை பழைய இடத்தோடு போயிற்று. பல் கிளினிக்கில் எந்த நாளில் கதவை மூடினாலும் சிலருடைய வாய் பாதி வேலையில் நிற்கும். வேர்ச் சிகிச்சைக்கு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தவர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வந்தாக வேண்டும். செயற்கைப் பல் வேர் வைத்தவருக்கு எலும்பு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம். பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு. கம்பி அவிழ்த்த பிறகும் பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்கப் பிடிப்புத் தகடு. கம்பி கட்டிய பதினாறு வயதுப் பெண் நாலு மாதம் வராமல் போனால் யாரைக் குறை சொல்வது? "டாக்டர் கடைய மூடிட்டாங்க" என்று அவள் அம்மா சொல்வாரா மாட்டாரா?

அந்தப் பக்கம் ஒரு நாளும் காலியாகாது. காலியானால் கிளினிக் படுத்துவிட்டது என்று அர்த்தம். அது மிகக் குறைவாக இருக்கும் வாரத்தைத்தான் தேட முடியும். அக்கா முந்தைய ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வழிகிறது. ஆண்டு இறுதியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஆண்டு நடுவிலும் விடுமுறையில் பிள்ளைகள் கம்பி இறுக்க வருகிறார்கள். அது முடிந்து பள்ளி திறந்த அடுத்த இரண்டு மூன்று வாரம் அமைதி. அந்த அமைதி ஜூன் மாதத்தில் வருகிறது. ஆனி மாதம். அம்மாவுக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

வார நாள் எது என்பதிலும் எங்கள் மாநிலத்துக்கே உரிய ஒரு தலைவலி உண்டு. 2014-இலிருந்து 2024 முடிய ஜொகூரில் அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வெள்ளி, சனி விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு. அக்காவின் முன்பதிவுப் பட்டியல் அந்த மாற்றத்திலேயே ஒரு குலுக்கல் குலுங்கியது. "வெள்ளிக்கிழமைதானே வரச் சொன்னீங்க?" என்று ஒரு தாத்தா இன்றும் வெள்ளிக்கிழமையே வருகிறார். நேரம் மாறினாலே இப்படி என்றால் இடம் மாறினால்? எனக்கும் அந்த அனுபவம் உண்டு. என் நிகழ்ச்சி மாலையிலிருந்து காலைக்கு மாறி ஓராண்டு கழித்தும், "ஏம்மா, சாயங்காலம் உன் குரலே கேட்கிறதில்லையே, கல்யாணம் ஆகிப் போயிட்டியா?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

"நீதான் ரேடியோல இருக்கியே, ஒரு வார்த்த சொல்லிடேன்" என்று சொந்தக்காரர்கள் என்னிடம் சொல்வது இங்கேதான். சொல்ல முடியாது. மருத்துவச் சேவைக்கான விளம்பரம் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் பெற்று, கேகேஎல்ஐயூ எண்ணோடுதான் வர வேண்டும். அதன் வேர் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தங்கை மைக்கைப் பிடித்திருக்கிறாள் என்பதற்காக அக்காவின் கிளினிக் காலைச் செய்திக்கு நடுவில் வந்து உட்கார முடியாது. அதனால் பழைய வழிதான்: வாட்ஸ்ஆப், கதவில் ஒட்டிய தாள், பிப்ரவரியிலிருந்து எழுதித் தருகிற ஒவ்வொரு முன்பதிவு அட்டையின் பின்புறத்திலும் புது முகவரி, எல்லாவற்றுக்கும் மேலாக ரொட்டிக் கடைக்காரர். அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

ஜூன் என்று முடிவு செய்தால் வேலை ஜூனில் தொடங்குமா? முந்தைய ஆண்டே தொடங்க வேண்டும். தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் 1998-இல் வந்து, 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கிளினிக் பதிவு டாக்டரோடு சேர்த்து இடத்துக்கும் உரியது. இடம் மாறினால் பழைய சான்றிதழைக் கழற்றிப் புதுச் சுவரில் மாட்ட முடியாது. புதிதாக விண்ணப்பித்து, வரைபடம் கொடுத்து, அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கிற தொழில் சான்றிதழிலும் எங்கே வேலை செய்கிறோம் என்ற முகவரி இருக்கிறது. பெயர்ப்பலகைக்கு நகராண்மையின் உரிமம் தனி. பல்லைப் படம் எடுக்கும் சின்ன எக்ஸ்ரே கருவிக்கு 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம். 'அணுசக்தி' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா அந்த அறைப் பக்கம் போவதில்லை.

இத்தனைக்கும் எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் எழுதித் தர முடியாது. அதனால் அக்கா இரட்டை வாடகைக்குத் துணிந்துவிட்டார். புது இடம் பிப்ரவரியிலிருந்து, பழைய மாடி ஜூலை 31 வரை. புது உரிமையாளர் சீரமைப்புக்கு ஒரு மாத வாடகையை விட்டுக் கொடுத்தார். மீதி மாதங்கள் சேமிப்பிலிருந்து. "அஞ்சு மாச வாடக தண்டம்" என்றார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தம் முடிகிற நாளையும் மாறுகிற நாளையும் ஒன்றாக வைத்தால், ஒரு விண்ணப்பம் தாமதமானாலும் பாதியில் நிற்பவர்கள் எல்லாரும் தெருவில் நிற்பார்கள். அந்த வாடகை கால அவகாசத்தின் விலை. இளம் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், டியூஷன் நிலையம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இடம் மாறும் செலவில் பெயின்ட்டுக்கும் விளக்குக்கும் முன்னால் இந்த வரியை எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

அக்காவின் திட்டப்படி முதலில் ஒரு நாற்காலி இறங்கும். இன்னொன்று மேலேயே இருக்கும். கம்பி கட்டிய பிள்ளைகள் மாடிக்கு. படி ஏற முடியாதவர்கள் கீழே. புது இடத்தில் எல்லா உரிமமும் கைக்கு வந்து, இரண்டு வாரம் குழாயும் காற்றழுத்தமும் கோளாறில்லாமல் ஓடிய பிறகு இரண்டாவது நாற்காலி. செயற்கைப் பல் வேருக்கு எலும்பு பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கு அடுத்த கட்டமே புது இடத்தில்தான். அவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார்.

புது இடம் அதே வரிசையின் கடைசிக் கடை. முன்பு தையல் கடையாக இருந்தது. தரைத்தளம், முன்னால் கார் நிறுத்த இடம், பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம். பல் நாற்காலிக்குத் தண்ணீர், கழிவு நீர், அழுத்தக் காற்று, உறிஞ்சு குழாய், மின்கம்பி என்று ஐந்தும் தரைக்கு அடியிலிருந்து மேலே வர வேண்டும். மாடியில் அது சுலபமாக இருந்தது; ரொட்டிக் கடையின் கூரைக்கு மேல் குழாய்களைத் தொங்கவிட்டார்கள். தரைத்தளத்தில் கான்கிரீட்டை உடைத்துத்தான் பதிக்க வேண்டும்.

குத்தகையாளர் போன வாரம் வந்து பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். உடைக்க வேண்டாம், கடை முழுவதும் ஆறங்குலம் பலகைத் தளம் போட்டு உயர்த்திவிட்டால் குழாய்கள் அதற்கடியில் ஓடும். செலவும் பாதி, நாளும் பாதி. பார்க்கவும் அழகாக இருக்குமாம். அக்கா வாசலில் நின்று அந்த ஆறங்குலத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

"அப்போ இங்க ஒரு படி வரும் இல்ல?"

"ஒரே ஒரு படிதான் டாக்டர்."

தரையை உடைக்க ஆட்கள் வரும் திங்கள்கிழமை வருகிறார்கள்.